29 துண்டுத் தூக்கம்

“தூங்கவே மாட்டேங்குறாப்பா” என்று மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னபோது பேத்திக்கு ஐந்து வாரம் முடிந்திருந்தது. 34 வருஷம் தணிக்கை வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவனிடம் ‘தூங்கவே’ என்று ஏகாரம் போட்டுச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? மாட வீதிக் கடையில் 90 ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கிவந்தேன். ஆறாவது வாரம் திங்கள் காலை 6 மணி முதல் அடுத்த திங்கள் காலை 6 வரை, 168 மணி நேரம். யார் எப்போது கண்ணை மூடினார்கள், எப்போது திறந்தார்கள் என்று ஐந்து பேருக்கும் தனித்தனிப் பத்தி. மாப்பிள்ளை சனி, ஞாயிறு மட்டும் அடையாறிலிருந்து வந்து தங்குவார். மற்ற ஐந்து நாள் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். பேத்தி தூங்கியது 104 மணி 30 நிமிடம். நாளுக்கு 14 மணி 56 நிமிடம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், 3 மாதம் வரையான குழந்தைக்கு 14 முதல் 17 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. பேத்தி வரம்புக்குள்தான் இருக்கிறாள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வயதுவாரியாக எண்களை வெளியிட்டபோது, 4 மாதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எண்ணே சொல்லவில்லை. அந்த வயதில் குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு வித்தியாசம் இருக்குமாம். தெரியாத இடத்தைக் காலியாக விட்ட அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நான் பார்த்த ஃபைல்களில் அப்படி விட்டவர்கள் குறைவு.

குழந்தை 15 மணி நேரம் தூங்குகிறது, வீடு தூங்கவில்லை. அப்படியானால் ஓட்டை எங்கே? செவ்வாய்க்கிழமை ராத்திரிப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

10.10 தூங்கினாள். 12.35 எழுந்தாள். பால், ஏப்பம், லங்கோடு. 1.20 தூங்கினாள். 3.05 எழுந்தாள். 3.50 தூங்கினாள். 5.20 எழுந்தாள், ஆவின் பாக்கெட் வாசலில் விழுந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

இந்த 7 மணி 10 நிமிடத்தில் பேத்தி தூங்கியது 5 மணி 40 நிமிடம். பக்கத்தில் படுத்திருந்த மகள் தூங்கியது 3 மணி 50 நிமிடம். நடுவில் உள்ள 1 மணி 50 நிமிடம் எங்கே போயிற்று என்று காலையில் கேட்டேன். “மூச்சு விடுறாளான்னு கேட்டுட்டுப் படுத்திருந்தேன்” என்றாள். அப்புறம் அந்த முனகல். பிறந்த குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம், பெரியவர்களுக்கு 90. அந்த 50இல் பாதி, கண்ணிமைக்குள் விழி ஓடி, உதடு சிரித்து, கைகால் துள்ளும் துடிப்பான தூக்கம். குழந்தை முனகும், நெளியும், சிணுங்கும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். மகள் அதை அழுகை என்று நினைத்துத் தூக்கிய தடவைகள் அந்த வாரத்தில் 6. ஆறிலும் குழந்தை நிஜமாகவே எழுந்துகொண்டது.

தூளிக்கும் இதே கணக்கு. தூங்கியவளை எடுத்துப் பாயில் போட்டதும் வீல் என்று கத்துவது எல்லா வீட்டுப் புகாரும்தான். இந்த வயதில் துடிப்பான தூக்கம் முதலில் வந்து, 20 நிமிடம் போலக் கழித்துத்தான் அசையாத் தூக்கம் வரும். எங்கள் நோட்டில், 10 நிமிடத்துக்குள் பாய்க்கு மாற்றியது 11 தடவை. 9 தடவை எழுந்தாள். 20 நிமிடம் தாண்டி மாற்றியது 14 தடவை. 3 தடவைதான் எழுந்தாள். கடிகாரம்கூட வேண்டாம். தூங்கும்போது அவள் கை மொட்டு மாதிரி மூடியிருக்கும், கட்டைவிரல் உள்ளே. கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் முதலில் தளரும், பிறகு ஒவ்வொன்றாக. உள்ளங்கையில் சேர்ந்திருக்கும் பஞ்சு நூல் தெரியும். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழும். அப்போது மாற்றலாம்.

இனிச் செலவுப் பக்கம். எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு, கூடத்துத் தேக்கு உத்தரத்தில் கொக்கி இருக்கிறது. மகள் ஆடிய அதே கொக்கி. மனைவியின் பழைய ஆறு கஜச் சுங்குடி, அதாவது ஐந்தரை மீட்டர்: 0 ரூபாய். ரங்கநாதன் தெருவில் ஸ்பிரிங் 260, துணியை விரிக்கும் கட்டை 120. நிமிடத்துக்கு 28 ஆட்டம், ஒரு தடவை தூங்க வைக்க 18 நிமிடம், பகலில் 6 தடவை: 3,024 ஆட்டம். வலது கை வலித்து இடது கைக்கு மாறிய பிறகு எண்ணுவதை நிறுத்தினேன். குழந்தை டாக்டர் தூளிக்குத் தடை போடவில்லை, நிபந்தனை போட்டார். பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். குப்புற விழ ஆரம்பித்தால் தூளியைக் கழற்றிவிட வேண்டும். ராத்திரி தட்டையான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்க, தலையணை இல்லாமல். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கிய பிறகு, தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் சிசுக்களின் விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. இத்தனை பக்கத்தில் ஒரு செலவும் இல்லாத வரவு அது ஒன்றுதான்.

குளிப்பாட்டும் ஆயாவுக்கு ஒரு குளியல் 350 ரூபாய். எண்ணெய், சுடுநீர், ஒரு பாடு அழுகை, பிறகு பால். அதன்பின் வருவதுதான் நாளின் நீளமான பகல் தூக்கம், 2 மணி 40 நிமிடம். தூக்கம் மணிக்கு 131 ரூபாய் விழுகிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை. சாம்பிராணிப் புகையையும் மூக்கை ஊதுவதையும் மட்டும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். ஆயா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கிரைப் வாட்டர் 75 ரூபாய். மனைவி கேட்காமலே வாங்கி வைத்தாள். வில்லியம் உட்வர்ட் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தயாரித்த சரக்கு. பழைய ஆங்கிலச் செய்முறையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு 3.6 சதவீதம் ஆல்கஹாலும் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சமர்த்தாகத் தூங்கியதில் ஆச்சரியம் என்ன? ஆல்கஹாலை எடுத்து வெகுகாலம் ஆகிறது. நம் ஊரில் அதை வீடு வீடாகக் கொண்டுபோன டி.டி.கே. குழுமத்தை 1928இல் தொடங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயர்தான் எங்கள் பக்கத்துச் சாலைக்கு, பழைய மௌப்ரேஸ் ரோடு. அதே 1928இல் பிறந்த மியூசிக் அகாடமியும் அங்கேதான். அழுகிற குழந்தைக்கு மருந்தும் நீலாம்பரியும் ஒரே சாலையில் என்று நான் சொன்னதற்கு வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. 6 மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு. புட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

உரை மருந்தில் எங்களுக்குள் சின்னச் சண்டை.

“ஜாதிக்காய் எத்தனை உரை?”

“மூணு.”

“ஒரு உரைக்கு எத்தனை மில்லிகிராம்?”

மனைவி சொன்ன பதில் நோட்டில் ஏற்ற முடியாதது. ஜாதிக்காய் அளவு மீறினால் விஷம். உரைகல்லில் அளவுகோல் கிடையாது. ‘பேர் சொல்லாதது’ மட்டும் மணிக்கட்டில் காப்பாக இருக்கிறது. வாய்க்குப் போகாதவரை சரி. மாடி வீட்டு அம்மா நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனை இன்னும் மோசம்: சளி சிரப் கால் ஸ்பூன் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தூங்குமாம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த அந்த வகை மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிட மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. தூக்கம் மருந்தின் வேலை அல்ல, அதன் பக்கவிளைவு.

ராத்திரிக்கு மூன்று டயபர், ஒன்று 12 ரூபாய். 2025 செப்டம்பர் 22இல் குழந்தை டயபருக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது; 12 ரூபாய்க்கு விற்றது 11 ரூபாய் 25 காசாக இறங்கவேண்டும். பகலுக்கு என் எட்டு முழ வேட்டி ஒன்று போதும். சதுரமாகக் கிழித்தால் 16 லங்கோடு. வீட்டில் வீண்செலவு என்றால் மாப்பிள்ளை வாங்கிவந்த ‘மழைச் சத்தம்’ கருவி, 1,899 ரூபாய். சீலிங் ஃபேன் அதே சத்தத்தை நாளுக்கு ஒரு யூனிட்டில் போடுகிறது. சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலைத் தாண்டக்கூடாது, பகலில் 55. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று நாகஸ்வரமும் தவிலும் கூட்டமும் தெருவை அடைத்தபோது பேத்தி 1 மணி 55 நிமிடம் அசையாமல் தூங்கினாள். அன்று மாலை கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்டை மனைவி பட்டென்று பிரித்த சத்தத்துக்கு எழுந்துவிட்டாள்.

அழுகைக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரை எழுதவைத்தார். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி, பிறகு இறக்கம். ஆக, நான் நோட்டுப் போட்டதே மலை உச்சியில். அதிலும் பெரும்பகுதி மாலை விளக்கேற்றும் நேரத்தில்தான். “கண்ணு பட்டுடுச்சு” என்று மிளகாய் சுற்றுகிறவர்கள் மணி பார்த்தால் ஆறு மணிக்கு மட்டும் கண் படுவதேன் என்று கேட்டிருப்பார்கள்.

அடுத்த வீட்டோடு ஒப்பிடுவதும் இந்தக் கவலையில் பாதி. 17 நாடுகளில் 29,287 குழந்தைகளின் பெற்றோரைக் கேட்டு 2010இல் வந்த ஆய்வில், நியூசிலாந்துப் பிள்ளைகள் மாலை 7.30க்குச் சற்று முன்பே படுத்துவிடுகிறார்கள், ஹாங்காங்கில் 10.17. மொத்தத் தூக்கம் நியூசிலாந்தில் 13.3 மணி, ஜப்பானில் 11.6. ‘என் குழந்தைக்குத் தூக்கப் பிரச்சினை’ என்று சொன்ன பெற்றோர் தாய்லாந்தில் 11 சதவீதம், சீனாவில் 76. தூக்கத்தில் உள்ள வித்தியாசம் ஒன்றே முக்கால் மணிக்குள். கவலையில் உள்ள வித்தியாசம் ஏழு மடங்கு. இந்தியாவும் அந்த 17இல் உண்டு. மகள் ஃபோனில் படிக்கிற அட்டவணைகளோ 7 மணிக்கே தனி அறையில் படுக்கிற பிள்ளைகளுடையவை. நம் வீட்டில் 7 மணிக்குத்தான் சித்தப்பா குழந்தையைப் பார்க்க வருவார்.

இத்தனைக்கும் பிறகு மீதிப் பத்திகளைக் கூட்டினேன்.

மாப்பிள்ளை 52 மணி, நாளுக்கு 7.26.
நான் 49 மணி, நாளுக்கு 7.
மனைவி 38 மணி 30 நிமிடம், நாளுக்கு 5.30.
மகள் 35 மணி 42 நிமிடம், நாளுக்கு 5.06.

5.06கூடப் பரவாயில்லை என்று தோன்றலாம். அந்த 35 மணி 42 நிமிடமும் 29 துண்டுகளாக இருந்தது. ஒரு துண்டு சராசரி 74 நிமிடம். பெரியவர்களின் ஒரு சுற்று 90 என்று மேலே எழுதினேன். ஆக என் மகள் ஒரு வாரமாக ஒரு முழுச் சுற்றைத் தாண்டியதே அபூர்வம். அறுவைசிகிச்சைத் தையல் வேறு. தமிழ்நாட்டில் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். அவர்கள் எல்லாரும் ராத்திரி மூன்று தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள்தான். 7 மணி நேரம் தூங்கிவிட்டுக் காலையில் பேனாவோடு உட்கார்ந்து “நடுவில் அந்த 1.50 எங்கே போச்சு?” என்று அவளைக் கேட்டது நான்.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். பேத்தியின் பத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளிடம் 10 கேள்வி கேட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய எடின்பரோவில் 1987இல் உருவாக்கிய கேள்விகள், 30 மதிப்பெண்ணுக்கு, தமிழிலும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். மகள் மதிப்பெண் கவலைப்படும் அளவில் இல்லை. “இவங்களைத் தூங்க வைங்க சார்” என்றார் டாக்டர்.

ஏழாவது வாரத்திலிருந்து பட்ஜெட்டை மாற்றினோம். ராத்திரி 9 மணிக்குப் பால் கொடுத்ததும் மகள் படுக்கப் போய்விடுவாள், 10.10 வரை தூக்கி வைத்திருப்பது மனைவி. காலை 5.50க்குப் பால் முடிந்தால் 8 வரை பேத்தி என் பொறுப்பு. மடியில் துண்டு, கையில் பேத்தி, பேப்பர் படிக்க முடியாது. பகல் 2 மணிக்கு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். எட்டாவது வாரம் மறுபடி 168 மணி எழுதினேன். நான் 43. மனைவி 40. மகள் 41 மணி 18 நிமிடம், 22 துண்டு. துண்டு 113 நிமிடம். பேத்தி 101 மணி, நாளுக்கு 14.26, அதாவது முன்னைவிட அரை மணி குறைவு. “தூங்கவே மாட்டேங்குறா” என்று அந்த வாரம் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் அடையாறு போனார்கள். அந்த ஃபிளாட்டில் கொக்கி கிடையாது. ஸ்டாண்டு தொட்டில் 2,600. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. ராத்திரிக்கு 8 மணி நேரம், சுமார் 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட் 13ஆவது ராத்திரி விடிவதற்குள் தீர்ந்துவிடும். சட்டப்படி மகளுக்கு 26 வார விடுப்பு. பிரசவத்துக்கு முன் 3 போக மீதி 23. மாநில அரசு ஊழியராக இருந்திருந்தால் 12 மாதம். மாப்பிள்ளைக்கு அவர் கம்பெனி கொடுத்தது 5 நாள். அவற்றை அவர் பிரசவத்தின்போதே தீர்த்துவிட்டார். இப்போது ராத்திரி 9 முதல் 12.30 வரை அவர் முறை.

முதல் இரண்டு வாரம் மகள் தினமும் பேத்தியின் மணிக்கணக்கை அனுப்பினாள். பிறகு அது நின்றது. நேற்றுக் காலை ஒரு செய்தி வந்திருந்தது, அதில் பேத்தி இல்லை: “6.10. மூணே துண்டு. எழுதிக்கோங்கப்பா.”