தீட்டு என்ற சொல்லும் தாய்–மகள் பேச்சும்



நம் தெருக்களில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் ஊரறியச் சொல்கிறோம். பந்தல் போடுகிறோம், தாய்மாமன் சீர் வருகிறது, ஃபிளக்ஸ் வைக்கிறோம். ஆனால் அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று அவளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். 'தனியா உட்காரு, எதையும் தொடாதே, இனிமே பையன்களோட பேசாதே' என்ற மூன்று கட்டளைகளோடு பல வீடுகளில் அம்மாவின் பாடம் முடிந்துவிடுகிறது.

இதைத் தாயின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காட்டு வேலைக்கும் மில்லுக்கும் தொலைதூரப் பள்ளிக்கும் போகும் மகள்மீது ஆதிக்கச் சாதிக்காரன் கைவைத்தால் நியாயம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது தலித் தாய்க்குத் தெரியும். அந்த அச்சத்தில்தான் அவள் விளக்காமல் எச்சரிக்கிறாள். ஆனால் எச்சரிக்கை மட்டுமே கேட்டு வளர்ந்த மகள், தன்னை ஒருவன் தொட்டுவிட்டால் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? பழி தன்மேல்தான் விழும் என்று வாய்மூடிக்கொள்வாள். காப்பாற்றச் சொன்ன வார்த்தையே காப்பாற்ற முடியாமல் செய்துவிடுகிறது.

இன்னொரு தடை, 'தீட்டு' என்ற சொல். டீக்கடையில் தனிக்குவளை வைத்தவன் நம்மீது எறிந்த சொல் அது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டி அவனோடு சண்டையிடும் நாம், வீட்டுக்குள் அதே சொல்லை மகள்மீது எறிகிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்தியதால் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த 12 வயதுச் சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், பூப்பெய்திய தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டாள். அதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர் அவளுடைய தாய்.

அப்படியானால் மகளிடம் என்ன சொல்வது? எளிமையாகத் தொடங்கலாம். கரு தங்குவதற்காக ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கரு தங்காதபோது அது உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதில் அழுக்கு எதுவும் இல்லை. முதல் சில ஆண்டுகளில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை மாறி மாறி வருவது இயல்பு. ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலும், பள்ளிக்குப் போக முடியாத அளவு வலித்தாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி என்றால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாது என்று இருட்டில் ஒளித்துக் காயவைக்கும் ஈரத்துணியில்தான் கிருமி வளர்கிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வீசிவிடாமல் விழுங்கச் சொல்ல வேண்டும்.

கடினமான பேச்சும் உண்டு. இனி கருத்தரிக்க முடியும் என்பதையும், விருப்பமில்லாமல் யாரும் தொடக்கூடாது என்பதையும், 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபத்தில் அழைக்க 1098 என்ற எண் மகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய அரசியல் அல்ல. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி கோரும் தீர்மானத்தை அண்ணல் அம்பேத்கரின் தரப்பு கொண்டுவந்தது; அது தோற்கடிக்கப்பட்டது. 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்களிடம், திருமணத்துக்கு அவசரப்பட வேண்டாம், அளவுக்கு மீறிப் பிள்ளை பெற வேண்டாம் என்று அவர் நேரில் பேசினார். தன் உடம்பைப் பற்றிய முடிவு பெண்ணுடையது என்ற எண்ணம் நம் இயக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் தாய்க்கே யாரும் சொல்லித்தராததை அவள் மகளுக்கு எப்படிச் சொல்வாள்? ஆகவே நம் வேலை தாய்மார்களிடமிருந்து தொடங்க வேண்டும். மாலை வகுப்புகளிலும் மகளிர் குழுக்களிலும் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்துத் தாயையும் மகளையும் ஒன்றாக உட்காரவைப்போம். கல்லூரியில் படிக்கும் அக்காமார்கள் இருவருக்கும் நடுவில் பாலமாக இருக்கட்டும். அப்பாக்கள் கடையில் நாப்கின் வாங்கக் கூச்சப்படாமல் இருக்கட்டும்.

'எனக்கு யாரும் சொல்லல, உனக்கு நான் சொல்றேன்' என்று ஒரு தாய் தொடங்கினால் போதும். தீட்டு என்ற சொல் அந்த வீட்டைவிட்டு வெளியேறத் தொடங்கும்.