ரயில் கட்டணமும் விமானக் கட்டணமும்

ரயிலைக் காட்டிலும் ஆகாய விமானமே மலிவு என்று பேசுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவில் இது பெரிதும் உண்மையே. 2023-ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் சங்கத்தார் அக்கண்டத்தின் 112 மார்க்கங்களை ஆராய்ந்து, ரயில் கட்டணம் சராசரியாக விமானக் கட்டணத்தைப்போல் இரு மடங்கு என்று கண்டனர். அங்கே சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கு வரியில்லை. ரயிலோ தண்டவாளத்துக்கு வாடகை கட்டி ஓடுகிறது. ஆகவே அம்மலிவு சர்க்கார்களின் வரிக்கொள்கையால் விளைந்ததேயன்றி, விமானத்தின் மகிமையால் மாத்திரம் விளைந்ததன்று.

அந்த வாதத்தை அப்படியே கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவருவோர் சற்று நிதானிக்க வேண்டும். கம்பத்து விவசாயி விமானம் ஏற, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுரைக்குச் செல்லவேண்டும். அந்தச் செலவு டிக்கெட்டில் எழுதப்படுவதில்லை. மேலும், இரண்டு மாதம் முன்னரே நாள் குறித்தவனுக்கே விமானம் மலிவு. சாவுச் செய்தி கேட்டு ஓடுகிறவனும் ஆஸ்பத்திரிக்கு விரைகிறவனும் பன்மடங்கு கொடுக்கின்றனர். 2025 டிசம்பரில் விமானங்கள் ஏராளமாக ரத்தானபோது கட்டணம் வரம்பு மீறவே, 500 கிலோமீட்டர் வரையுள்ள பிரயாணத்துக்கு, வரி நீங்கலாக, ரூ. 7,500-க்கு மேல் வாங்கலாகாதென்று மத்திய சர்க்கார் உத்தரவிட நேர்ந்தது.

ரயிலின் சாதாரண வகுப்பிலோ கல்யாணத்துக்குப் போகிறவனுக்கும் கருமாதிக்குப் போகிறவனுக்கும் கட்டணம் ஒன்றே. தத்கால் முதலிய பெயர்களால் ரயில்வேயாரும் அவசரத்துக்கு விலை வைத்திருப்பதை நாம் மறைக்கவில்லை. எனினும், முன்பதிவில்லாப் பெட்டியில் அந்தத் தர்மம் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆனால் ரயிலே இல்லாத ஊருக்கு நியாயமான கட்டணத்தால் என்ன பயன்? 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் பாதை, இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டவாளத்தை இழந்து, பின்னர் உயிர்பெற்றது. அகலப்பாதையாக்குவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் மாதத்திலுமே ரயில் திரும்பிற்று. அப்போது தொடங்கிய சென்னை ரயிலும் வாரத்தில் மூன்று நாளைக்கே விடப்பட்டது. ரயிலில்லாத நாளில் அவசரம் நேர்ந்தவன் ஆம்னி பஸ்காரர் கேட்டதைக் கொடுக்கவேண்டியதுதான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கோ அந்த ரயிலும் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை பாதை போடவேண்டுமென்பது இப்பகுதியாரின் நெடுநாளைய கோரிக்கை. மலிவு விமானத்தைக் காட்டி அதனைத் தள்ளிவைப்பது நீதியாகாது. ஏழையின் பிரயாணம் அவன் குறித்த நாளில் வருவதில்லை. அது வரும் நாளில் மாறாத கட்டணத்துடன் ஒரு ரயில் காத்திருக்கச் செய்வது சர்க்காரின் கடமை.