துடுப்பாட்டச் சொற்களும் தமிழாக்கமும்

ஆங்கில நாட்டிற் பிறந்த கிரிக்கெட் ஆட்டத்தை ஈழத்துத் தமிழர் துடுப்பாட்டம் என்பர். ஓடஞ் செலுத்துந் துடுப்பின் வடிவொப்புமை பற்றி வந்த அழகிய பெயர் அது. ஆட்டம் நமக்குப் புதிதன்று; யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டிலேயே பொருதத் தொடங்கின. ஆயினும், அதன் சொற்களைப் பொருளுணர்ந்து பெயர்த்தோமா என்பது ஆராயத்தக்கது.

‘விக்கெட்’ என்பதை முதற்கண் நோக்குக. சிறு வாயில் என்பது அதன் பழம்பொருள். ஆட்டத்திலோ அது மூன்று பொருள்படும்: நட்ட மூன்று முளைகளும் மேலிட்ட இரு குச்சிகளுங் கூடிய அமைப்பு ஒன்று, ஒருவர் ஆட்டமிழத்தல் மற்றொன்று, பந்து வீசப்படும் நிலம் இன்னொன்று. இவற்றை ‘இலக்கு’ என்னும் ஒரு சொல்லால் உணர்த்த முயல்வது பொருந்துமா? வெற்றிக்கு வேண்டிய ஓட்டத்தொகையும் இலக்கே ஆதலின், ‘5 இலக்குகளை இழந்து இலக்கை எய்தினர்’ என எழுதவும், படிப்போர் மயங்கவும் நேரும். முளை, இழப்பு, ஆடுகளம் என இடம் நோக்கிப் பிரித்துரைப்பின் மயக்கந் தீரும்.

‘ஓவர்’ என்பது, முறையான 6 பந்துகள் வீசி முடிந்ததும் நடுவர் கூறுஞ் சொல். அதன்பின் பந்துவீச்சு மறுமுனைக்கு மாறும். அம்மாற்றத்தை உணர்ந்து ‘பந்துப் பரிமாற்றம்’ என்றமை பாராட்டத்தக்கது. ஓட்டங் கொடாத ஓவரை ஆங்கிலர் ‘மெயிடன்’ என்பர். அதனைக் ‘கன்னி’ எனப் பெயர்ப்பின் நகைப்பே எஞ்சும். ‘ஓட்டமற்ற பரிமாற்றம்’ என்பதே தெளிவு.

ஓட்டம் பெறாது ஆட்டமிழத்தல் ‘டக்’ எனப்படும். வாத்து முட்டை பூச்சியத்தை ஒத்தலின் எழுந்த வழக்கு இது. ‘வாத்து’ என்றால் எவர்க்கும் விளங்காது. ‘முட்டை’ என்றால் பரீட்சையிற் பூச்சியம் பெற்ற மாணவனுக்கும் விளங்கும்! சொல்லை விடுத்துப் பொருளைப் பெயர்த்தல் என்பது இதுவே.

பெயர்க்க வேண்டாச் சொற்களும் உள. முத்தையா முரளிதரனின் படைக்கலங்களுள் ஒன்றாகிய ‘தூஸ்ரா’, ‘மற்றையது’ எனப் பொருள்படும் உருதுச் சொல். ஆங்கிலர் அதனைப் பெயர்க்காது ஏற்றனர். திசைச்சொல்லுக்கும் இடமளித்த தொல்காப்பியர் வழிவந்த நாம் அங்ஙனம் ஏற்பதில் இழுக்கென்ன?

விளையாட்டுத்தானே என இகழற்க. மாணாக்கர் ஏவாமலே நாடோறும் படிக்குந் தமிழ், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துத் தமிழே. அங்குச் சொல் தெளிவுறின், அவர்தம் சிந்தையுந் தெளிவுறும். ஆசிரியர் இதனை உளங்கொள்வாராக.