வீடு தேடி வரும் மருத்துவம்: நம் பெரியவர்களுக்குக் கேட்டுப் பெறுவது எப்படி?

 

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்கள் மாறி வருகின்றன. முன்பு ஆபரேஷன் செலவு, டயாலிசிஸ் செலவு என்று வந்தார்கள். இப்போது, "வாப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நர்ஸுக்குக் கொடுத்து மாளவில்லை" என்று வருகிறார்கள். "மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்தீர்களா?" என்று கேட்டால், "அது சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம்தானே?" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கிறது.

மாத்திரை அதில் ஒரு பகுதிதான். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். அதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைக்கான செவிலியரும், முடங்கியவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட்டும் வண்டியில் வீட்டுக்கு வருகிறார்கள். புண் துடைத்துக் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் இலவசம். வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இதில் கிடைக்கின்றன.

ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒருவர் படுக்கையில் கிடப்பது வெளியே யாருக்கும் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம், "வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லை" என்று பாதிக் கதவைத் திறந்து பதில் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குடியுரிமைச் சட்டப் பிரச்சினை நடந்த காலத்தில், பேப்பரும் பேனாவுமாக யார் வந்தாலும் பயந்த பயமும் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வந்திருப்பவர் சுகாதாரத் துறைப் பணியாளர்தானா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். உறுதியான பிறகு உள்ளே அழைத்து, நோயாளியைக் காட்டுங்கள்.

தன்னார்வலர் வரவில்லையா? வீட்டில் ஒருவர், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்ச் சொன்னால் போதும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆதார், குடும்ப அட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, பகலில் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பர் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். "உடம்பு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்று வாரமாக எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பில் புண் வந்திருக்கிறது, டியூப் போட்டிருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும். எங்கே போவதென்றே தெரியாதவர்கள் 104 எண்ணில் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 மணி வரை செயல்படுகிறது.

இதில் தாமதம் கூடாது. நம் மஹல்லாவில் ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. பிள்ளைகள் தனியாரிடம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு மாதத்தில் காசு தீர்ந்தது, பயிற்சியும் நின்றது. எங்களிடம் வந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. கை மடங்கி இறுகிவிட்டது. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் உடம்பு அதிகம் மீளும். பெயர் பதிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வந்தார். கை பழையபடி ஆகவில்லை. ஆனால் அவர் சுவரைப் பிடித்து நடந்து, பாத்ரூமுக்குத் தானே போய், உட்கார்ந்தபடி ஒளுவும் செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

பல வீடுகளில் தடையாக இருப்பது பெரியவர்தான். "நான் என்ன சாகக் கிடக்கிறேனா?" என்பார். நோய் ஆதரவு சிகிச்சை என்றால் நாள் குறித்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை அது. இதை அவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் பதிந்துவிட்டு, திடீரென்று ஒரு நர்ஸைக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். எந்த வயதிலும் அவருடைய உடம்புக்கு அவர்தான் சொந்தக்காரர்.

அந்நியப் பெண் தொடுவதா என்ற தயக்கம் மார்க்கப் பற்றால் வருவது; அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு அனுமதி உண்டு என்றே உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரத்தில்தான் சிகிச்சைக்காக வைக்கப்பட்டார்கள். பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆண் வந்தால், பெண் பணியாளர் கிடைப்பாரா என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டார் ஒருவர் உடனிருக்கட்டும். டியூப் போட்டதிலிருந்து "நான் சுத்தமில்லை" என்று தொழுகையை விட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு, ஹஸ்ரத்தை வீட்டுக்கு அழைத்துக் கேளுங்கள். ரமளானுக்கு முன்பே, மாத்திரை, இன்சுலின் நேரம் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செவிலியர் தினமும் வர மாட்டார். கூடவே தங்கிப் பார்ப்பவரும் அல்ல. வந்து செய்துவிட்டு, மீதியை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, ஈரத் துணி மாற்றுவது நம் வேலைதான். இது எல்லா வீட்டிலும் மருமகள் தலையில் விழுகிறது. பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை முதலில் மகனுக்கு உரியது. எனவே நர்ஸ் வரும் நாளில் மகனும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். இரவுமுறையை அவர் எடுத்துக்கொண்டால் அந்தப் பெண் கொஞ்சம் தூங்குவாள்.

ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையும், கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. முன்னதற்கு இ-சேவை மையம், பின்னதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். விண்ணப்பிக்கும் முன் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முஹம்மது, இன்னொன்றில் முகமது என்று இருந்தே நம்மவர்களின் மனுக்கள் பல திரும்பியிருக்கின்றன.

சுகாதார நிலையத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால், அஸருக்குப் பின் அலுவலகத்தில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் ஒருவரை அனுப்புகிறோம். தண்ணீர் மெத்தையும் சக்கர நாற்காலியும் இருக்கின்றன; கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை. தேவை முடிந்ததும் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தாருங்கள், அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.