சாத்திய கதவுக்குள் சூரியக் காற்று

சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் மின்துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சூரியக் காற்றைப் பூமியின் காந்தப்புலம் பகல் பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் தொலைவிலேயே தடுத்துவிடுகிறது. தடுக்கப்பட்ட காற்று இருபுறமும் விலகி, இரவுப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது.

காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலக்கோடுகளோடு அது பிணைந்துகொள்ளும், கதவு திறக்கும். வடக்கு நோக்கியிருந்தால் முன்கதவு சாத்தியே இருக்கும். ஆனால் சாத்தியிருக்கும் நேரத்தில்தான் உள்ளே சூரியக் காற்றின் குளிர்ந்த துகள்கள் சேர்வது தெரிந்தது. எந்த வழியாக நுழைந்தன?

ஏரிக்கரையில் நின்றால் பாதி விடை கிடைக்கும். காற்று உரசிப் போகும்போது தண்ணீரில் ஒரு சிற்றலை எழுகிறது. அதன் முகட்டின் மேல் காற்று நெருங்கி வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, முகடு இன்னும் உயர்கிறது. பள்ளத்தில் நேர்மாறு. இப்படி வளரும் நிலையின்மைக்கு, 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த கெல்வின், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவரின் பெயர்.

சூரியக் காற்றைப் பூமியின் புலம் தடுக்கும் காந்த எல்லையிலும் இதே கதைதான்: வெளியே விரையும் அடர்ந்த பிளாஸ்மா (மின்துகள்களாலான வாயு), உள்ளே ஏறக்குறைய அசையாத மெலிந்த பிளாஸ்மா. ஒரு வித்தியாசம், புலக்கோடுகள் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. ஓட்டத்தின் திசையிலேயே அவை கிடந்தால், வளைய மறுத்து அலையை அடக்கிவிடும். ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் அடக்க ஆளில்லை. காற்றின் புலம் வடக்கு நோக்கியிருக்கும்போது, எல்லையின் பக்கவாட்டில் இருபுறக் கோடுகளும் குறுக்கேதான் நிற்கின்றன. முன்கதவு சாத்திய அதே நேரத்தில் பக்கச்சுவரில் அலை எழுவது இதனால்தான்.

ஒற்றை விண்கலத்தால் இதை உறுதிசெய்வது கடினம். அது அளக்கும் அடர்த்தி கூடிக் குறைந்தால், எல்லை முன்னும் பின்னும் அசைகிறதா, அலை சுருள்கிறதா என்று பிரித்தறிவது எளிதல்ல. 2000இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கிளஸ்டர் திட்டத்தில் நான்கு கலங்கள், நான்முகியின் நான்கு மூலைகளைப் போலப் பறந்தன. 2001 நவம்பர் 20 அன்று பூமிக்கு அருகிலிருந்த கலத்தில் அடர்ந்த பிளாஸ்மா, தள்ளியிருந்த கலத்தில் மெலிந்த பிளாஸ்மா என்று வரிசை தலைகீழாகப் பதிவானது. அலை மடிந்து சுருண்டால்தான் இது நடக்கும். பூமியைவிடப் பெரிய சுழல்கள் அவை.

2015இல் கிளம்பிய நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தன. அலைகள் நெருக்கும் இடத்தில் புலக்கோடுகள் அறுந்து மறுபடி இணைவதை அவை பதிவுசெய்தன. பக்கச்சுவரில் துகள்கள் நுழையும் ஒரு சந்து அது.