உயரத்தால் அளக்க வேண்டிய நாடு



பூகோள வகுப்பில் சிக்கிமின் பெயர் வந்தால், "பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர், மிகச் சிறிய மாநிலங்களுள் ஒன்று" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். ஒரு நாள் மாணவன் ஒருவன், "ஐயா, இவ்வளவு சிறிய இடத்துக்குப் படத்தில் ஏன் இத்தனை வர்ணங்கள்?" என்று வினவினான். அவை உயரத்தைக் குறிக்கும் வர்ணங்கள். என் பிழை அன்றுதான் எனக்குப் புலப்பட்டது. மலைநாட்டைப் பரப்பால் மட்டும் அளத்தலாகாது. உயரத்தாலும் அளக்க வேண்டும்.

சிக்கிமின் தெற்கே ஆற்றங்கரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 300 மீட்டர்தான். மேற்கு எல்லையில் நிற்கும் காஞ்சன்ஜங்காவோ 8,586 மீட்டர். நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் வெப்பநாட்டுக் காடும் உண்டு. உருகாத பனியும் உண்டு.

மக்களின் தொழில்களும் இவ்வுயரத்தை ஒட்டியே அமைந்துள்ளன. தாழ்ந்த சரிவுகளைப் படிப்படியாக வெட்டி நெல்லும் மக்காச்சோளமும் பயிரிடுகின்றனர். அதற்கு மேலே, ஈரமான மரநிழலில் பெரிய ஏலக்காய் விளைகிறது. நம் வீட்டு ஏலத்தினும் பருத்த இதனைப் புகையிலிட்டு உலர்த்துவர். வடக்கே இன்னும் உயரத்தில் யாக் எனப்படும் சடையெருமை மேய்ப்போர் வாழ்கின்றனர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 6,10,577. லெப்சாக்கள் தொன்மையான குடிகள். பூட்டியாக்கள் திபெத்திலிருந்து வந்தோர். நேபாளி மொழி பேசுவோரே பெரும்பான்மையினர். 1975-இல் மன்னராட்சி நீங்கி, சிக்கிம் இந்தியாவின் 22-ஆவது மாநிலமாயிற்று. இரசாயன உரத்தை விலக்கிய இம்மாநிலம், 2016-இல் முழுமையும் இயற்கை வேளாண்மை செய்யும் மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

உயரத்திலிருந்து விழும் நீர் மின்சாரமாகிறது, மின்சாரம் வருவாயாகிறது. ஆகவே தீஸ்தா நதியில் அணைகள் எழுந்தன. ஆனால், கொடுக்கும் உயரமே பறிக்கவும் வல்லது. 2023 அக்டோபரில், பனியாறு உருகித் தேங்கிய தெற்கு லோனக் ஏரியின் கரைச்சரிவு இரவில் சரிந்து நீருள் விழுந்தது. அலை எழுந்து கரையை உடைத்தது. பாய்ந்த வெள்ளம் சுங்தாங் அணையைத் தகர்த்து, பாலங்களையும் வீடுகளையும் பல உயிர்களையும் வாரிச் சென்றது. வெப்பம் மிகமிகப் பனியாறுகள் சுருங்குகின்றன. அவற்றின் அடியில் ஏரிகள் பெருகுகின்றன.

மின்சாரம் வேண்டாமென நான் கூறவில்லை. அணை கட்டுமுன், அதற்கு மேலே என்ன தேங்கி நிற்கிறது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம், ஆட்சியாளராகலாம். படத்தை விரிக்கும்போது எல்லைக்கோட்டோடு நின்றுவிடாதீர்கள். வர்ணங்களையும் படியுங்கள்.