மலைமேல் கூட்டம் பெருகினால் அடிவாரக் கடைக்கு லாபமா?

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ரோப்கார் அமைக்கும் யோசனை மத்திய அரசின் பர்வதமாலா திட்டத்தில் பேசப்பட்டதிலிருந்து, நம் பகுதி வணிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அதில்தான் வந்து நிற்கிறது. மலைப்பாதையில் 64 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுவதைக் கம்பியில் ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் முடித்துவிடலாம் என்கிறார்கள். பழனிக்கு வரும் பக்தர் அப்படியே கொடைக்கானலும் பார்த்துவிட்டுப் போவார், கூட்டம் இரட்டிப்பாகும், பழனி, ஆயக்குடிக் கடைகளில் கல்லா நிறையும் என்பது பலருடைய கணக்கு. திட்டத்தை வரவேற்றுச் சங்கத்தின் மூலம் மனுக் கொடுக்க வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

மனுக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் என்ன கேட்டு மனு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே மூட்டை கட்டி மேலே லாரி அனுப்பியே வயதான மொத்த வியாபாரி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

இந்த ரோப்கார் விஷயத்தில் நமக்கு முன்னால் அனுபவப்பட்ட ஊர் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. உத்தராகண்ட் மாநிலத்தில் பத்ரிநாத் போகிற வழியில் உள்ள ஜோஷிமட். 2024-ல் அதற்கு ஜோதிர்மட் என்று பெயர் மாற்றினார்கள். ஆதிசங்கரர் மடம் இருக்கும் ஊர். பழனியைப் போலவே கோயில் ஊர், பழனியைப் போலவே மலை வாசஸ்தலத்திற்கு வாசல். அதற்கு மேலே இருக்கிறது அவுலி. நமக்குக் கொடைக்கானல் எப்படியோ அவர்களுக்கு அவுலி அப்படி. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே சீசன் வெயில் காலத்தில் அல்ல, பனி விழும் காலத்தில். காலில் நீளமான பட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவில் சறுக்கி விளையாடுவதற்காகவே ஜனங்கள் வருகிறார்கள்.

ஜோஷிமட்டிலிருந்து அவுலிக்கு சுமார் 4 கிலோமீட்டர் நீள ரோப்கார் 1990-களில் வந்தது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. சரிவுகளைச் செப்பனிட்டார்கள், செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் வைத்தார்கள், விடுதிகள் பெருகின. அடிவார ஊரும் அதோடு சேர்ந்து மாடிமேல் மாடியாக வளர்ந்தது. கடைக்காரர்களுக்கு நல்ல காலம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஊர் இருப்பது பழைய மலைச்சரிவு மண்ணின் மேல், அங்கே கனமான கட்டடம் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்திருந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2023 ஜனவரியில் ஊரே விரிசல் விட்டது. 800-க்கும் அதிகமான கட்டடங்களில் வெடிப்பு. இரண்டு ஹோட்டல்களை அரசாங்கமே இடித்தது. ரோப்கார் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் தோண்டிய நீர்மின் சுரங்கம்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், கம்பெனி மறுத்தது. சாக்கடை வசதி இல்லாமல் கழிவுநீர் பூமிக்குள் இறங்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காரணம் எதுவானாலும், சரக்கை அடுக்கிவைத்து சீசனுக்குக் காத்திருந்தவன் நிலை என்ன? அதே வருடம் போதிய பனி விழாததால் பனிச்சறுக்குப் போட்டிகளும் அங்கே ரத்தாயின. காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் 2025 பிப்ரவரியில் பனி இல்லாமல் கேலோ இந்தியா போட்டியைத் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள்.

வெளிநாட்டிலும் பனி முன்போல் நம்பிக்கையாக விழுவதில்லை. அதற்கு அமெரிக்காவில் இருக்கும் பெரிய பனிச்சறுக்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த வழி நம்மைப் போன்ற வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. ஒரு பக்கம் இடத்தை விரிக்கிறார்கள். காட்டில் மரங்களை இடைவெளி விட்டு வெட்டி, புதர்களைக் கழித்து, மரங்களுக்கு நடுவே சறுக்கிப் போக வழி செய்கிறார்கள். பனியிலேயே மேடும் திட்டும் கட்டி, இளவட்டங்கள் தாவிக் குதிக்கத் தனி மைதானம் அமைக்கிறார்கள். ஒரு நாள் தங்குகிறவன் மூன்று நாள் தங்கவேண்டும் என்பதுதான் நோக்கம். இன்னொரு பக்கம், சீசன் டிக்கெட்டைப் பனி விழுவதற்கு முன்பே விற்றுப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார்கள். வெயில் என்ற கம்பெனி 2008-ல் ஆரம்பித்த எபிக் பாஸ் அப்படிப்பட்டது. இன்று அந்தக் கம்பெனியின் டிக்கெட் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த முன்பணம்தான். பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் முதலாளிக்குப் பணம் வந்தாயிற்று. ஊருக்குள் கடை வைத்திருப்பவனுக்கு யார் முன்பணம் கொடுப்பார்கள்? விடுதி, சாப்பாட்டுக் கடை, பட்டைகள் வாடகைக்கு விடும் கடை எல்லாமே பெரும்பாலும் கம்பெனியுடையதே. அவர்கள் மிச்சம் வைத்தது ஊர்க்காரனுக்கு.

இதைப் படித்துவிட்டு, நம் ஊரில் பனியும் இல்லை, அமெரிக்கக் கம்பெனியும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். பழனி மலையையே பாருங்கள். 1966-ல் விஞ்ச் வந்தது, 2004-ல் ரோப்கார் வந்தது. முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் அது பெரிய உபகாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படியேறிப் போகிறவர் நாலு இடத்தில் உட்காருவார், மோர் குடிப்பார், பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்குவார். கம்பியில் போகிறவர் நம் தலைக்கு மேலே போய்விடுகிறார். 12 கிலோமீட்டர் கம்பி வந்தாலும் இதே கதைதான். இன்று கொடைக்கானல் போகும் வேன் வழியில் எங்காவது நிற்கிறது, டீ குடிக்கிறது, கொய்யா வாங்குகிறது. கம்பிக்கு அடியில் இருக்கும் கடையில் யார் இறங்கி வாங்குவது?

அடுத்து, கூட்டம் வேறு, வியாபாரம் வேறு. காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர் வாங்குவது தண்ணீர் பாட்டில், சிப்ஸ், பிஸ்கட். அதிலும் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-ல் கொடைக்கானலில் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று நாள் தங்குகிறவருக்காக விடுதிக்காரர் வாங்குவதோ அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி. இந்தச் சிட்டைதான் மளிகைக்காரனுக்குச் சோறு போடுவது. எத்தனை தலை ஏறியது என்பதைவிட எத்தனை இரவு தங்கினார்கள் என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது நம்மவர்கள் பதறினார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி, ஞாயிறில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் விதித்தார்கள். நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பே நடத்தினார்கள். அவர்களுடைய கஷ்டம் புரிகிறது. ஆனால் நம் அத்தியாவசியச் சரக்கு வண்டிக்கும் விளைபொருள் வண்டிக்கும் இதில் விலக்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை வண்டிகள் மூன்று மணி நேரம் நகராமல் நிற்கும்போது நம் லாரியும் அதே வரிசையில்தான் நிற்கிறது. டிரைவர் பேட்டாவும் டீசலும் யார் தலையில் விழுகிறது? கூட்டம் திங்கள் முதல் வெள்ளி வரை பரவினால் எனக்கு நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தார்களே, அப்போது விடுதிகளுக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு விடுதியில் நின்றுபோன என் பாக்கி கைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவும் தவணையில், அசல் மட்டும். அனுமதி இல்லாத மாடிக்குப் போன சரக்கு நம் பற்று நோட்டில் வெறும் மையாகத்தான் நிற்கும்.

இன்னொன்றும் பலர் யோசிப்பதில்லை. மேலே போன லாரி வெறுமனே இறங்கினால் வாடகை கட்டுபடியாகாது. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, மலைவாழை என்று ரிட்டன் லோடு இருப்பதால்தான் மூட்டைக்கு இவ்வளவு என்று நம்மால் விலை சொல்ல முடிகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாட்சி வாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு அந்த மலைவாழை வேண்டும். ரோப்கார் வருகிறது, மனை விலை ஏறும் என்று பூண்டு போட்ட படிக்கட்டு நிலமெல்லாம் காட்டேஜ் மனையாகிவிட்டால், கூடுதலாக வந்த கூட்டத்தில் கிடைக்கிற லாபம் லாரி வாடகையிலேயே போய்விடும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழனி - கொடைக்கானல் சாலையில் அடிவாரத்தில் இருக்கும் வரதமாநதி அணையின் உயரம் 66 அடிதான். மலைச்சரிவில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்ந்துதான் ஆயக்குடிப் பக்கத்துக் குளங்கள் நிரம்புகின்றன, கொய்யாத் தோப்புகள் காய்க்கின்றன. விடியற்காலையில் நம் கொய்யாச் சந்தையில் பெட்டி பெட்டியாக ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறோமே, அது மலைக்காடு கொடுக்கும் வியாபாரம். சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அமெரிக்காவில் சறுக்குவதற்காகப் புதரைக் கழிக்கிறார்கள் என்றேன். இங்கே அப்படிக் கழித்துக் கோபுரமும் நிலையமும் வாகன நிறுத்தமும் கட்டினால், பெய்த மழை ஒரே நாளில் மண்ணோடு அணைக்குள் இறங்கிவிடும். சித்திரையில் தோப்புக்காரர் தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்புவார். தோப்புக்காரர் கையில் காசு இல்லையென்றால் மளிகைக் கடையில் கடன் எழுத வேண்டியதுதான்.

ஆகவே மனுவில் இவற்றைக் கேட்போம். கீழ் நிலையம் எந்த இடத்தில் அமையும், அங்கிருந்து பேருந்து நிலையமும் கடைவீதியும் எவ்வளவு தூரம்? நிலையத்துக்குள் வரும் கடைகளை உள்ளூர் வணிகருக்கு ஏலம் விடுவார்களா, மொத்தமாக ஒரே குத்தகைதாரரிடம் கொடுப்பார்களா? மக்கள் போகாத இரவு நேரத்தில் பூண்டும் காய்கறியும் கம்பியில் இறக்க வழி உண்டா? கோபுரங்கள் காட்டில் எங்கெங்கே நிற்கும், 2013-ல் அறிவித்த வனவிலங்கு சரணாலயத்துக்குள் எத்தனை? வரதமாநதிக்கு வரும் ஓடைகளில் எதையாவது தொடுகிறார்களா? மேலே ஏறுகிறவர்களுக்கு நாள் ஒன்றுக்கு உச்சவரம்பு உண்டா, அது இ-பாஸ் கணக்கோடு சேருமா, தனியா?

குறிஞ்சி பூப்பது 12 வருடத்துக்கு ஒருமுறை. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அந்த சீசனுக்கு மேலே வரப்போகும் கூட்டத்தைக் காட்டித்தான் ரோப்காரை அவசரப்படுத்துவார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் மனுவின் நகலைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.